கேமராவைக் காணோம்

கேமராவைக் காணோமாம். மானிட்டரின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கிறது, கையால் தொட்டும் பார்த்தாயிற்று, ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் கேமராவைக் காணோம் என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் போட்டுக் காட்டுகிறது. காணோம் என்று சொன்ன எவனையும் நான் நம்பியதில்லை. செக்கிங் இன்ஸ்பெக்டர் தண்டபாணி, அதாவது நான், பஸ்ஸில் ஏறினால் கண்டக்டருக்கே வேர்க்கும், பயணியைப் பற்றிக் கேட்க வேண்டாம். இப்பத்தான் சார் பாக்கெட்டுல வச்சேன், காணோம் சார் என்று எத்தனை பேர் சட்டைப் பையைத் தடவிக் காட்டியிருப்பார்கள். நான் கையைப் பார்க்க மாட்டேன், முகத்தைப் பார்ப்பேன். மாயனூருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு குளித்தலைவரை போகிறவனுக்கு மாயனூர் தாண்டியதும் திடீரென்று தூக்கம் வரும். தூங்குகிறவன் முகமும் தூங்குவதாகக் காட்டிக்கொள்கிறவன் முகமும் வேறு வேறு. எதுவும் தானாகக் காணாமல் போகாது, தானாகக் கெடவும் கெடாது, பின்னால் ஒரு கை இருக்கும். மெல்போர்னில் பையன் வீட்டார் உட்கார்ந்துகொண்டிருப்பார்கள். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பெண்ணைக் காட்டியாக வேண்டும். காலையில் இந்தக் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் காலைக்கும் இப்போதைக்கும் நடுவில் யார்.

யார் என்று கேட்பதற்கு வீட்டில் நூறு பேர் இல்லை. நான், ருக்குமணி, பெண் தாரணி. ருக்குமணிக்கு மிக்ஸியில் மூன்றாவது ஸ்பீடு இருப்பதே போன வருஷம்தான் தெரியும். தாரணி எதிர் அறையில் கதவைத் திறந்து வைத்து, மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் கட்டில் மேல் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துத் தின்றுகொண்டிருக்கிறாள். இவள் சம்பளம் வாங்குவதே இதற்குத்தான். தினமும் சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்த நாட்டுக்காரனோ பிரிண்டர் ஓடவில்லை கேமரா தெரியவில்லை என்று கத்துவதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, கழற்றுங்கள், மாட்டுங்கள், அணைத்துப் போடுங்கள் என்று விடியும்வரை ஆங்கிலத்தில் வைத்தியம் சொல்கிறவள். அந்தப் பொறுமை வீட்டுக்கு மட்டும் இல்லை. "அம்மணி, கேமராவக் காணோம்ங்குது பாரு" என்றேன். "வேற ஓட்டையில சொருகிப் பாருங்ப்பா" என்கிறாள் இடத்தை விட்டு அசையாமல். "நீ வந்து பாக்கறதுக்கென்ன?" "நான் தொட மாட்டனுங்ப்பா. தொட்டா நாந்தான் கெடுத்தேன்னு சொல்லுவீங்க." சொன்ன முறையைக் கவனித்தேன். கோபம் இல்லை, அழுகை இல்லை, கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொல்கிறாள். முன்கூட்டியே தயாராக வைத்திருந்த பதில் அது. குற்றம் செய்யாதவன் தடுமாறுவான், உளறுவான், மூன்று பதில் சொல்வான். செய்தவன்தான் ஒரே பதிலை வைத்திருப்பான். இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம் இது, என் பெண்ணுக்காக இதை மாற்றிக்கொள்ள முடியுமா.

திருப்பூர்ப் பையன் வீட்டார் என் போன் வீடியோவில் பார்த்த அன்றைக்கும் இப்படித்தான். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, பையனின் அப்பா தோட்டம் தொரவு பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று நெட் போய்விட்டது. தாரணி அப்போதுதான் எழுந்து மோடம் இருக்கும் பக்கம் போய் வந்திருந்தாள். தண்ணீர் குடிக்கப் போனேன் என்றாள். டம்ளரைப் போய்ப் பார்த்தேன், ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் டம்ளரை நனைப்பது பெரிய வேலையா. கூடத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டேன், மோடத்த அணைச்சியா இல்லியா, உள்ளதச் சொல்லு என்று. ருக்குமணி நடுவில் வந்தாள், அவளையும் அதட்டினேன். தாரணி இல்லை என்ற ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். மறுநாள் கேபிள்காரன் வந்து தெருவில் ஒயர் அறுந்திருக்கிறது என்றான். தெருவில் ஒயர் அறுந்தது எனக்கும் தெரிந்தது, ஆனால் அது அந்த நேரத்தில்தான் அறுந்தது என்பதற்கு என்ன சாட்சி. அப்புறம் நாமக்கல் பையன், அவனை இவள் ஒரே பேச்சில் வேண்டாம் என்றாள். ஒருத்தியாக இருந்துகொண்டு இரண்டு சம்பந்தத்தைக் கெடுத்தாயிற்று. அன்றிலிருந்து என் எதிரில் டிவி ரிமோட்டைக்கூடத் தொடுவதில்லை. சேனல் மாத்து கண்ணு என்றால் நீங்களே மாத்துங்ப்பா என்கிறாள். பிடிவாதமா, பயமா, அல்லது கையில் கறை இருப்பதாலா. கேமராவைக் கழற்றினேன், மாட்டினேன். காணோம்.

சிபியுவின் பின்பக்கம் பார்ப்பதற்காக டீப்பாய்க்கு அடியில் தலையை விட்டேன். முழங்கால் கடகடவென்றது. எத்தனை ஓட்டை, நீலம், பச்சை, ரோஸ், சதுரம், நீளம், அதிலெல்லாம் ஒட்டடை. காலையில் தாரணி அறையிலிருந்து கம்ப்யூட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்தது நான். பின்னால் ஷோகேஸும் முருகன் படமும் தெரியட்டும், குடும்பம் எப்படிப்பட்டது என்று பார்த்ததும் தெரியட்டும் என்பதற்காக. கேமரா, ஸ்பீக்கர், மேசை மைக் என்று ஒயர் எல்லாம் கழற்றியதும் நான், மாட்டியதும் நான். அவளை அருகில் விடவே இல்லை. மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன், அதுதான் இடைவெளி, அதில்தான் என்னவோ நடந்திருக்கிறது. அடுப்படியிலிருந்து நெய் வாசம் வருகிறது. "வீடியோவுல பாக்கறவங்களுக்குக் கேசரி எதுக்கு ருக்கு?" என்றேன் டீப்பாய்க்கு அடியிலிருந்தே. "பொண்ணு பாக்கறாங்கன்னா கேசரி கிண்டாம இருக்க முடியுமுங்களா? சாமிக்கு வச்சுட்டு நாம திங்கலாம்" என்றாள். அவள் கவலை அவளுக்கு. ஃப்ரிட்ஜ் மேல் தாரணியின் போன் டர்ர் என்றது. நான்தான் பிடுங்கி அங்கே வைத்தேன், பெண் பார்க்கும் நேரத்தில் மணப்பெண் கையில் போன் எதற்கு. மறுபடி டர்ர். மறுபடி. யார் இப்படி விடாமல் அனுப்புகிறது. தாரணி கடலை உரிப்பதை நிறுத்தி ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். "அப்பா, போனு..." என்றாள். "அதெல்லாம் அப்புறம்" என்றேன். அவள் முகம் ஒரு நொடி வெளிறியது. பிடித்துவிட்டேன். பஸ்ஸில் ஏறியதும் ஒருத்தன் முகம் அப்படித்தான் வெளிறும், நேராக அவனிடம் போய் நிற்பேன்.

நேராகப் போய் நின்றேன். கையில் கேமரா ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. "உள்ளதச் சொல்லு தாரணி. நீதான எதையோ புடுங்கி வச்சிருக்க?" "நான் தொடவே இல்லீங்ப்பா." "தொடாமயா காணாமப் போச்சு? திருப்பூர்க்காரனையும் இப்படித்தான தொரத்தி வுட்ட? நாமக்கல்காரன மூஞ்சில அடிச்சாப்புல வேண்டாம்ன. மனசுல எவனையோ வச்சிக்கிட்டு எங்களக் கூத்துப் பாக்க வைக்கிறயா?" ருக்குமணி கரண்டியோடு ஓடி வந்தாள். "ஏனுங்க, நல்ல நாளும் அதுவுமா..." "நீ சும்மா இரு ருக்கு. உன்ற மகளக் கேளு. எல்லா ஊருக்காரனுக்கும் சரி பண்ணிக் குடுக்கறவளுக்கு நம்மூட்டு கேமரா மட்டும் தெரியாதாமா?" கத்திக்கொண்டே கம்ப்யூட்டருக்கு வந்தேன். ஆரம்பத்தில் அழைப்பில் சேரவா என்று கேட்டதைத் தட்டினேன், உடனே இந்தக் காணோம் கட்டம் வந்து எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டது, அதிலிருந்து இதோடுதான் மல்லுக்கட்டு. மூலையில் ஒரு பச்சைக்கோடு குதிக்கிறது, நின்றால் நிற்கிறது, நான் பேசினால் குதிக்கிறது, என்னவோ லோடாகிறது போல. ஒருவேளை அவர்களே அந்தப் பக்கம் வேண்டாம் என்று அணைத்துவிட்டார்களா. அதுவும் இருக்கலாம். "அந்த மெல்போர்ன் அம்மாளும் ஒரு மாதிரிதான் ருக்கு. அனுப்புன போட்டோ ஒண்ணுலயாவது சிரிச்சிருக்குதா பாரு. பையனுக்கு இத்தன வயசுவரைக்கும் ஏன் அமையலீங்கறதையும் நாச்சிமுத்து தரகர் சொல்லவே இல்ல. அங்க என்ன இருக்குதோ." தாரணி, "அப்பா மெதுவாப் பேசுங்க" என்றாள். ஏன் மெதுவாக. என் வீட்டில் நான் பேசுகிறேன்.

தாரணி கடலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி டீப்பாய்க்கு அடியில் போனேன், அங்கே எனக்கு நிம்மதியாக இருந்தது, யார் முகமும் தெரியாது. ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இந்த ஒயரைக் காலையில் இந்த ஓட்டையில் செருகியது யார். நான். சரியாக உட்கார்ந்ததா என்று அழுத்திப் பார்த்தேனா. ஞாபகம் இல்லை. பஸ்ஸில் எல்லார் டிக்கெட்டையும் பார்த்து முடித்துக் கடைசியில் இறங்கும்போது கண்டக்டர் ஒருத்தன் கேட்டான், சார் நீங்க பாஸ் வச்சிருக்கீங்களா என்று, விளையாட்டுக்கு. மெமோ கொடுத்தேன் அவனுக்கு. இப்போது எதற்கு அவன் ஞாபகம். இந்தக் கை செருகியதுதான், செருகும்போது இந்தக் கை என்ன நினைத்தது. மெல்போர்ன் என்றால் பஸ் போகாது. ஒருநாள் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் அப்புறம் இந்தக் கேமராவில்தான் பார்க்க வேண்டும், அதுவும் காணோம் காணோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். திருப்பூர் ஆகாது என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததே, அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேனே. சீ, நான் ஏன் என் பெண் கல்யாணத்தைக் கெடுக்கப் போகிறேன். வேறு ஓட்டையில் செருகினேன். அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம் விரலுக்குத் தெரிந்தது. மேலே ருக்குமணி, "ஏனுங்க, லைட்டு எரியுதுங்க" என்றாள்.

எழுந்து பார்த்தால் கேமராவில் விளக்கு எரிகிறது, காணோம் கட்டம் போய்விட்டது, அதற்குப் பதில் வேறு கட்டம், முழுக்கக் கருப்பு. கேமரா இருக்கிறது, படம் இல்லை. எனக்கு மறுபடி ரத்தம் தலைக்கேறியது. இது வேறு ஆள் வேலை, அல்லது அதே ஆளின் இரண்டாவது வேலை. திரையைத் துண்டால் துடைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். கேமராவின் கண்மேல் அச்சாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு, அரக்குக் கலர், நடுவில் சின்னக் கல் வைத்தது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்கள் என்று திரும்பினேன். ருக்குமணி கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நாந்தானுங்க ஒட்டுனேன்" என்றாள். நானா கேட்டேன், அவளாகச் சொன்னாள். "வாட்ஸப்புல வந்துச்சுங்க, கேமரா வழியா எவனோ உள்ளாற பாக்கறானாமா. புள்ள துணி மாத்தற ரூமு. அவ தூங்கையில ஒரு பொட்டெடுத்து ஒட்டிப்போட்டேன். தைப்பூசத்துக்கு முன்னாடியே." நிலைக்கண்ணாடி, குளியலறை டைல்ஸ், பீரோக் கதவு என்று இந்த வீட்டில் அவள் பொட்டு இல்லாத இடம் கிடையாது. தாரணி வீட்டில் கேமராவைத் திறப்பதே இல்லை, வேலைக்கு ஆபீஸ் லேப்டாப் வேறு. ருக்குமணி வேலை என்றால் தாரணி வேலை இல்லை. அதை உரக்கச் சொல்ல வேண்டியது நான். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், ராகுகாலம் வருகிறது. நகத்தால் பொட்டை உரித்தேன். கருப்புக் கட்டத்தில் என் மூக்கு வந்தது, நெற்றி வந்தது, ஒட்டடை பிடித்த என் தலைமுடி வந்தது. அந்தக் கட்டத்தை மூடினேன். பின்னாலிருந்து அவர்கள் வந்தார்கள்.

மூன்று பேர். பையன் சஞ்சீவ், அப்பா, அம்மா. ஒரு சோபாவில் வரிசையாக, அசையாமல். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்கள் அல்ல, அது பார்த்ததும் தெரிந்தது. பஸ்ஸில் வெகுநேரமாக உட்கார்ந்திருப்பவனுக்கும் இப்போது ஏறியவனுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா. வணக்கமுங்க என்றேன். அந்த அம்மாள் வாயைத் திறந்து என்னவோ சொன்னார், சத்தம் இல்லை. பையன் தன் காதைத் தொட்டுக் காட்டினான், பிறகு என்னைக் காட்டினான், பிறகு தலையை மேலும் கீழும் ஆட்டினான். நான் வணக்கம் என்றபோது பச்சைக்கோடு குதித்ததைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் மேல் போன் டர்ர் என்றது. இந்தத் தடவை தாரணி யாரையும் கேட்கவில்லை, புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து போனை எடுத்தாள், பார்த்தாள். "அப்பா, நீங்க பேசினதெல்லாம் அவங்களுக்கு மொதல்லயிருந்து கேட்டுட்டே இருந்திருக்குது. மைக்கு ஆன்ல இருக்குதாமா. எப்படியாவது அணைச்சுடுன்னு அப்பப் புடிச்சு மெசேஜ் பண்ணிட்டிருக்காங்க." யார் மெசேஜ் பண்ணுகிறார்கள் என்று கேட்டேன். அந்த நேரத்திலும் என் வாயில் வந்தது அந்தக் கேள்விதான். "சஞ்சீவ்" என்றாள்.

ஆக இருக்கிறது. மனசில் ஒருத்தன் இருக்கிறான். நான் சந்தேகப்பட்டது சரி, அவனையே இவளுக்கு நான் காட்டப்போவதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். "எத்தன நாளா?" "திருப்பூருக்கு முன்னாடியிருந்தே. ஒரு நாள் வேலையில அவங்க ஆபீஸ் கம்ப்யூட்டரச் சரி பண்ணிக் குடுத்தேன், பேசறப்ப ரெண்டு பேரும் ஈரோட்டுப் பக்கம்னு தெரிஞ்சுது." "அப்ப நாச்சிமுத்து தரகர்?" "நாந்தான் அவருகிட்ட ஜாதகம் குடுக்கச் சொன்னேன். நம்ம சாதிசனம்தான், எல்லாம் ஒத்து வருது, நானே வந்து சொல்லியிருக்கலாம். நாஞ் சொன்னா நீங்க அதுல என்ன இருக்குதுன்னு தோண்டுவீங்க. நீங்களே கொண்டுவந்ததா இருந்தா நம்புவீங்கன்னு நெனச்சேன்." அழவில்லை. எனக்குத்தான் என்னவோ செய்தது. டிக்கெட் இல்லாதவனைப் பிடித்துவிட்டால் வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி வரும், எத்தனையோ தடவை வந்திருக்கிறது, இன்றைக்கு வரவில்லை. என் பெண் ஆசைப்பட்டதை எனக்குத் தெரியாமல் என் வழியாகவே கொண்டுவர வேண்டியிருந்திருக்கிறது. இவள் இந்தச் சம்பந்தத்தைக் கெடுக்கவில்லை, ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல் பார்த்துப் பார்த்து இதுவரை கொண்டுவந்திருக்கிறாள், நான் அதை மைக் முன்னால் நின்று கெடுத்தேன். திரையில் அந்த அம்மாள் பேசிக்கொண்டே இருக்கிறார். வேண்டாம் என்கிறாரா. உதட்டைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

"ஸ்பீக்கர் ஒயரு தப்பான ஓட்டையில இருக்குதுங்ப்பா. நீலத்துல சொருகியிருப்பீங்க. பச்சையில மாத்துங்க" என்றாள் தாரணி, நின்ற இடத்திலிருந்தே, கையைக் கட்டிக்கொண்டு. நான் டீப்பாயைப் பார்த்தேன். மாற்றுவது பெரிய வேலை இல்லை, இரண்டு ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான். "நீ வந்து மாத்திக் குடு கண்ணு" என்றேன். "தொடட்டுங்களா?" "தொடு." பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, பார்க்காமலே கையைப் பின்னால் விட்டு ஒன்றைக் கழற்றி ஒன்றில் செருகினாள். கூடம் முழுக்க மெல்போர்ன் வந்துவிட்டது. அந்த அம்மாள் குரல் கனத்த குரல், ஈரோட்டுக் குரல். "...இப்பக் கேக்குதுங்களா? பையன் மொதல்லயே எங்ககிட்ட எல்லாஞ் சொல்லிட்டானுங்க. உங்களுக்கு மொறையாத் தெரியட்டும்னுதான் காத்திருந்தோம். போட்டோவுல நான் சிரிக்கறதில்லீங்க, பல்லு எடுப்பு, அதான். நீங்க புள்ளையப் பேசுனதெல்லாம் கேட்டமுங்க. அதுக்குமேல எனக்கு மனசு தாங்கல. வைகாசியிலயே முகூர்த்தம் பாருங்க, புள்ளைய நாங்க கூட்டிக்கறோம். இன்னும் ரொம்ப நாளைக்கு அங்க வுட்டு வைக்க எனக்கு இஷ்டமில்ல." ருக்குமணி கும்பிட்டாள். தாரணி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தபடியே திரையைப் பார்த்தாள், அவள் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்கத் திரும்பினேன், பார்க்க முடியாமல் முருகன் படத்தைப் பார்த்தேன். சம்மதம் என்று ஒரு சொல், அதைச் சொல்லிவிட்டால் போதும், சொல்லத்தான் வேண்டும், என்னிடம் கேட்கிறார்கள். "உங்களுக்குச் சம்மதந்தானுங்களே? ஏனுங் சம்பந்தி? கேக்குதுங்களா? உங்க சத்தமே வரலீங்களே இப்ப" என்றார் அந்த அம்மாள். தாரணி எட்டி மைக்கைத் தொட்டுப் பார்த்தாள். ராத்திரி வேலையில் பேசுகிற அந்தப் பொறுமையான குரலில் சொன்னாள்.

"மைக்கு நல்லாத்தானுங்க இருக்குது அத்தை. அப்பாதான் பேசல."